புதுப்பிப்பு: டிடி-02 சேஸியில் சக்கர நடுக்கம் நின்றது
தமியா டிடி-02 (TT-02) ரிமோட் காரில் வேகம் கூட்டினால் முன்சக்கரங்கள் நடுங்குகின்றன, ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவரை எங்கே வைப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். நடுக்கம் அறவே போய்விட்டது!

மோட்டார் கம்பிகளின் மின் இரைச்சல் குழப்பாதபடி, ரிசீவரை அவற்றிலிருந்து விலக்கி, எதிர்ப்பக்கம் ஒட்டினேன். 2.4 கிகாஹெர்ட்ஸ் ஆன்டெனாவில் அலையை வாங்குவது உறை நீங்கிய நுனிப்பகுதிதான். அதை மடக்காமல் குழாய்க்குள் நிமிர்த்தினேன். ஒரு அண்ணன் இங்கே சொன்னபடி, சிங்கப்பூர் சிம் லிம் டவரில், மின் இரைச்சலைக் குறைக்கும் ஃபெரைட் வளையம் வாங்கி, வேகக் கட்டுப்பாட்டுக் கருவியிலிருந்து ரிசீவருக்கு வரும் கம்பியை அதில் சுற்றினேன். அண்ணனுக்கு மனமார்ந்த நன்றி.

புதிதாகப் பூட்டுபவர்களே, சர்வோவுக்கு (முன்சக்கரங்களைத் திருப்பும் சிறு மோட்டார்) மின்சாரம் கொடுத்து, அது நடுநிலைக்கு வந்த பிறகே சர்வோ சேவரை (மோதல் அதிர்ச்சியிலிருந்து சர்வோவைக் காக்கும் பாகம்) பொருத்துங்கள். இது மிக முக்கியம்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் இருபக்க ஒட்டுநாடா கழன்றுவிடுகிறது. ஆல்கஹாலால் துடைத்துவிட்டு ஒட்டியிருக்கிறேன்; தாங்குகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.