மணலிக்கரை மடத்து ஓலை யாருக்குச் சொந்தம்?

கிழக்கேகோட்டை:
ஒன்றிய அரசின் 2025-26 பட்ஜெட்டில் ஞான பாரதம் என்று ஒரு திட்டம் அறிவித்தார்கள். நாடு முழுக்க ஒரு கோடிக்கு மேற்பட்ட சுவடிகளைக் கணக்கெடுத்து, பதிவுசெய்து, பாதுகாக்கும் திட்டம். ஏடு படிக்கவும் பராமரிக்கவும் தெரிந்தவர்களுக்கு இனி வேலை இருக்கும். நாகர்கோவில் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் விசாரிப்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். பழைய திருவிதாங்கூர் சமஸ்தானத்து ஏடுகளை நம்பி இங்கே திருவனந்தபுரத்துக்கு வர வேண்டாம். அவை மலையாள ஏடுகள், கேரளத்தின் சொத்து. பழைய சமஸ்கிருத நாடகாசிரியர் பாசனின் நாடகங்கள்கூட மலையாள எழுத்து ஓலையில்தான் கிடைத்தன. தமிழ் மட்டும் படித்துவிட்டு வண்டி ஏறினால் ஏமாற்றம்தான்.

கல்குளத்தான்:
அண்ணாச்சி, பாசனின் நாடகங்கள் எந்த ஊரில் கிடைத்தன என்று ஏன் எழுதவில்லை? மணலிக்கரை மடத்தில். பத்மநாபபுரத்துக்குப் பக்கத்து மணலிக்கரை. எங்கள் கல்குளம் வட்டம், கன்னியாகுமரி மாவட்டம், தமிழ்நாடு. 1909-10 வாக்கில் அந்த ஓலைக்கட்டைக் கண்டெடுத்தவர் த. கணபதி சாஸ்திரி. அவர் பிறந்த ஊர் தருவை, திருநெல்வேலிச் சீமை. எங்கள் ஊர் மடத்தில், எங்கள் பக்கத்து மனிதர் எடுத்துக் கொடுத்த ஓலையைக் காட்டி எங்கள் பிள்ளைகளையே வராதே என்கிறீர்களே, இது என்ன நியாயம்?

கிழக்கேகோட்டை:
1910ல் தமிழ்நாடு எங்கே இருந்தது தம்பி? மணலிக்கரை அன்று திருவிதாங்கூர். கணபதி சாஸ்திரிக்குச் சம்பளம் கொடுத்தது திருவிதாங்கூர் சர்க்கார். 1908ல் சமஸ்கிருதச் சுவடிகளைப் பதிப்பிக்கத் தனித் துறை தொடங்கி, அதில் அவரை அமர்த்தி, 1912 முதல் நாடகங்களை அச்சிட்டதும் திருவனந்தபுரம். உங்கள் ஊர்க்காரர்கள் அந்த ஓலையைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

கல்குளத்தான்:
1910ல் கேரளம் மட்டும் எங்கே இருந்தது? அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள். தமிழ்நாடு இல்லை என்றால் கேரளமும் இல்லை. அப்படியிருக்க "கேரளத்தின் சொத்து" எங்கிருந்து முளைத்தது? மணலிக்கரை எங்கே இருக்கிறது என்று நான் கேட்டதற்கு இன்னும் நேராகப் பதில் வரவில்லை.

குழித்துறை:
கல்குளத்தான் அண்ணாச்சி, கோபம் சரிதான். ஆனால் ஒரு விஷயம். அந்த ஓலையை மடத்திலேயே விட்டிருந்தால் இன்று செல்லரித்துப் போயிருக்கும். காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் சுவடி நூலகம் அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட சுவடிகளைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. நாம் எதைக் காப்பாற்றினோம்?

கல்குளத்தான்:
வந்துவிட்டார் வக்கீல். குழித்துறையில் இருந்துகொண்டு எந்நேரமும் எல்லைக்கு அந்தப்புறம் கேரளத்துப் பாறசாலைப் பக்கமே பார்த்துப் பேசுகிறவர் நீங்கள். போன வருடம் பத்மநாபபுரம் அரண்மனை விவாதத்திலும் இப்படித்தான் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தீர்கள், மறக்கவில்லை. காப்பாற்றினார்கள், மறுக்கவில்லை. காப்பாற்றியவன் உரியவனைப் பார்த்து "உனக்கு இங்கே இடமில்லை" என்று சொல்லலாமா? நான் கேட்பது அது ஒன்றுதான்.

தோவாளைக்காரி:
இரண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்கள். நான் நூலக அறிவியல் படித்தவள், எனக்கு இந்த வேலைச் செய்தி முக்கியம். திருவிதாங்கூர் ஏடுகள் மலையாள ஏடுகள் என்று ஒரே போடாகப் போடுவது தவறு. பத்மநாபசுவாமி கோயிலின் பழைய ஆவணங்களான மதிலகம் ஏடுகள் சுருணை எனப்படும் ஓலைக்கட்டுகளாக இருக்கின்றன. அவற்றில் வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை என்ற பழைய எழுத்து வகைகள் உண்டு, தமிழும் உண்டு. இன்றைய மலையாளம் மட்டும் படித்த ஒரு பிள்ளையால் அவற்றில் ஒரு வரி படிக்க முடியாது. தமிழ் மட்டும் படித்தாலும் அப்படித்தான். பழைய எழுத்துப் பயிற்சி யாரிடம் இருக்கிறதோ அவருக்குத்தான் வேலை. தமிழ்நாடு தொல்லியல் துறை கல்வெட்டியலும் தொல்லியலும் சேர்ந்த இரண்டு ஆண்டு முதுநிலைப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. அதை முடித்த நம் பிள்ளை எந்த ஆவணக் காப்பகத்துக்குப் போனாலும் தலைநிமிர்ந்து உட்காரலாம்.

கல்குளத்தான்:
அக்கா சொன்னதை எல்லாரும் படியுங்கள். தமிழும் உண்டு! கிழக்கேகோட்டை அண்ணாச்சி, கேட்டுக்கொண்டீர்களா? இன்னும் சொல்கிறேன். எங்கள் மாவட்டத்துப் பார்த்திவசேகரபுரத்தில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் கோயில் எடுப்பித்து, 95 பேர் படிக்கச் சாலையும் வைத்த செப்பேடு பொ.ஆ. 866ஐச் சேர்ந்தது. திருவிதாங்கூர் சர்க்காரின் தலைமை அலுவலகமான திருவனந்தபுரம் ஹுஜூர் கச்சேரியில் கிடந்த அந்தச் செப்பேடு என்ன மொழி? தமிழ். அதை அச்சில் கொண்டுவந்தது எது? உங்கள் திருவிதாங்கூர் தொல்லியல் வரிசை நூல்தான். உதயகிரிக் கோட்டைக்குள் டச்சுக்காரர் டி லனாய் கல்லறையில் இருக்கும் எழுத்து என்ன? லத்தீனும் தமிழும். குளச்சலில் 1741ல் தோற்று, பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படையைப் பழக்கியவர் அவர். அந்தத் தளபதிக்கே கல்லறையில் தமிழ் வெட்டினார்கள். இதெல்லாம் தெரியாமல் "மலையாள ஏடுகள்" என்று ஒரு வரியில் எழுதிவிட்டால் ஆயிற்றா?

கிழக்கேகோட்டை:
செப்பேட்டையும் கல்லறையையும் நான் கேட்கவில்லை. மணலிக்கரை ஓலை என்ன எழுத்து? மலையாள எழுத்து. மொழி சமஸ்கிருதம். அதில் தமிழ் எங்கே? ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் சொல்லுங்கள்.

கல்குளத்தான்:
மணலிக்கரை எந்த மாநிலம்? நீங்களும் ஒரே சொல்லில் சொல்லுங்கள்.

செங்கோட்டை:
நீங்கள் எல்லாரும் கன்னியாகுமரிக் கதையே பேசுகிறீர்கள். 1956 நவம்பர் 1ஆம் தேதி உங்களோடு செங்கோட்டையும்தான் திருவிதாங்கூரை விட்டு வந்தது. எங்கள் ஊர்ப் பழைய நிலப் பதிவுகளைப் பற்றி எந்த விவாதத்திலாவது ஒருவர் பேசியிருப்பாரா? என் தாத்தாவின் நில வழக்குக்காக ஒரு பழைய ஏட்டு நகல் தேவைப்பட்டது. இந்தப் பக்க அலுவலகம் அந்தப் பக்கம் போகச் சொன்னது, அந்தப் பக்கம் இங்கே திருப்பி அனுப்பியது. கடைசிவரை கிடைக்கவில்லை.

குழித்துறை:
செங்கோட்டை சொல்வதுதான் உண்மையான பிரச்சினை. மாநிலம் பிரித்தபோது நிலத்தைப் பிரித்தார்கள், ஏட்டைப் பிரிக்க முடியவில்லை. ஒரே சுருணையில் கல்குளத்துக் கணக்கும் நெய்யாற்றின்கரைக் கணக்கும் அடுத்தடுத்து இருந்தால் அதை வெட்டவா முடியும்? படம் பிடித்து இரண்டு பக்கமும் வைத்துக்கொள்வதுதான் வழி.

கல்குளத்தான்:
படம் பிடித்து நமக்கு நகல், அசல் அவர்களுக்கு. அரண்மனையில் நடந்ததும் இதுதானே. பத்மநாபபுரம் அரண்மனை நிற்பது எங்கள் மண்ணில், பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. திருவிதாங்கூர்த் தலைநகரம் 1795ல் திருவனந்தபுரத்துக்குப் போனது. அரண்மனையின் சாவி இன்றுவரை அங்கேயே இருக்கிறது. 1954 ஆகஸ்ட் 11ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் மாண்டவர்கள் இந்த மண் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்றுதான் மாண்டார்கள். மண் வந்தது. அதன் ஓலை வரவில்லை, சாவியும் வரவில்லை. நான் இதைப் பேசினால் குழித்துறைக்குக் கசக்கிறது.

குழித்துறை:
அந்த மாண்டவர்களில் என் குடும்பத்து உறவும் உண்டு. எனக்கு நீங்கள் வரலாறு சொல்லித்தர வேண்டாம். அரண்மனையை அவர்கள் நன்றாக வைத்திருக்கிறார்கள். 2014ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறியது. அந்தத் தேக்கு மச்சையும் கருந்தரையையும் வேறு யாரிடமாவது கொடுத்திருந்தால் இப்படி நின்றிருக்குமா? வாய்ப்பு என்று பேச ஆரம்பித்தோம். ஊர் நூலகத்தைப் பேசுங்கள். பி. என். பணிக்கர் 1945ல் 47 நூலகங்களைச் சேர்த்துத் திருவிதாங்கூர் கிரந்தசாலை சங்கம் தொடங்கினார். இன்று கேரளத்தில் கிராமத்துக்குக் கிராமம் மக்களே நடத்தும் வாசகசாலை. உறுப்பினர்கள் தேர்தல் வைத்துக் குழு அமைக்கிறார்கள், தரம் பார்த்து மாநில நூலக கவுன்சில் மானியம் தருகிறது. ஜூன் 19 வந்தால் பள்ளிக்கூடம் முழுக்க வாசிப்பு நாள். நம் பக்கம் என்ன இருக்கிறது?

கல்குளத்தான்:
என்ன இருக்கிறதா? சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948ல் சென்னையில் வந்தது. அதன் பின்னால் நின்றவர் நூலக அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன். கோழிக்கோட்டுக்கும் பாலக்காட்டுக்கும் நூலகச் சட்டம் அந்தக் காலத்துச் சென்னையிலிருந்துதான் போனது, மலபார் அன்று சென்னை மாகாணம். கேரளம் தனக்கென்று சட்டம் போட்டது 1989ல். நாங்கள் சொத்துவரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரி கட்டுகிறோம், அங்கே ஐந்து காசு. யார் யாருக்குப் பாடம் சொல்வது?

குழித்துறை:
பத்துக் காசு வாங்கி என்ன பயன்? ஊர்ப்புற நூலகம் எத்தனை மணிக்குத் திறக்கும், எப்போது பூட்டும் என்று உங்களுக்குத் தெரியுமா? அங்கே ஐந்து காசில் சாயங்காலம் ஆனால் வாசகசாலையில் ஊர் கூடுகிறது.

கிழக்கேகோட்டை:
இதைத்தான் நானும் சொல்கிறேன். அங்கே ஊரே நூலகத்தைத் தாங்குகிறது. திருவனந்தபுரத்துப் பொது நூலகம் 1829ல் தொடங்கியது. அந்தப் பழக்கம் ஒரே நாளில் வராது. சரி, எழுத்துக்கு வருவோம். மணலிக்கரை ஓலை மலையாள எழுத்து. இன்னும் யாரும் மறுக்கவில்லை.

கல்குளத்தான்:
எழுத்தை யார் மறுத்தார்கள்? ஊரைத்தான் நீங்கள் மறைத்தீர்கள். நாஞ்சில் நாட்டுக் கல்வெட்டுகளைத் தேடித் தேடிப் படித்துக் காந்தளூர்ச் சாலை பற்றி எழுதியவர் தேரூர்க் கவிமணி. அவருக்கு எந்த மாநிலம் வேலை கொடுக்கும் என்று பார்த்தா அவர் படித்தார்? அந்த ஊர்ப் பிள்ளைகளைத்தான் நீங்கள் வண்டி ஏறாதே என்கிறீர்கள்.

தோவாளைக்காரி:
நான் ஒன்று கேட்கிறேன், யாராவது பதில் சொல்லுங்கள். இந்த மாவட்டத்தில் வர்ம ஆசான்கள் வீடுகளில் வைத்திய ஏடுகள், வர்ம ஏடுகள் இன்னும் பரணில் கிடக்கின்றன. தாத்தா போனபிறகு படிக்க ஆள் இல்லை. பூஜை அறையில் மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருக்கிறார்கள், பிரித்தால் பொடியாக உதிர்கிறது. தூசி தட்டி, புல் தைலம் தடவி, மை பூசி எழுத்தைத் தெளிய வைத்து, நிழலில் உலர்த்தி, பலகை வைத்துக் கட்டினால் இன்னும் ஒரு தலைமுறை தாங்கும். வீட்டுக்காரர் ஏட்டைக் கொடுக்க வேண்டாம், படம் எடுக்க விட்டாலே போதும். புதிய திட்டத்தில் தனியார் வீட்டுச் சுவடிகளுக்கும் இடம் உண்டு. நம் மாவட்டத்தின் ஆறு வட்டங்களிலும் வீடு வீடாகப் போக ஆள் வேண்டும். விளவங்கோட்டிலும் கல்குளத்திலும் யார் வருகிறீர்கள்?

செங்கோட்டை:
அக்கா, செங்கோட்டையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆறு வட்டங்கள் என்று சொல்லும்போதே எங்களை விட்டுவிட்டீர்கள்.

கல்குளத்தான்:
அக்கா, வருகிறேன். ஆனால் ஒரு நிபந்தனை. எடுக்கிற படத்தின் முதல் பிரதி நாகர்கோவிலில் இருக்க வேண்டும். திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டு அங்கிருந்து எங்களுக்கு வருவதென்றால் நான் ஒரு வீட்டுக் கதவையும் தட்ட மாட்டேன்.

கிழக்கேகோட்டை:
படிக்கத் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். நாகர்கோவிலில் வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?

கல்குளத்தான்:
படிக்கக் கற்றுக்கொள்வோம். அதற்குத்தானே எங்கள் பிள்ளைகள் உங்களிடம் வேலை விசாரித்தார்கள், நீங்கள்தானே வராதே என்றீர்கள்?

குழித்துறை:
அவர் சொன்னது தமிழ் மட்டும் படித்துவிட்டு வராதே என்பதுதான். முழுதாகப் படியுங்கள் அண்ணாச்சி.

கல்குளத்தான்:
நீங்கள் முதலில் பாறசாலைக்குக் குடிபோய்விட்டுப் பேசுங்கள். கிழக்கேகோட்டை அண்ணாச்சி, "கேரளத்தின் சொத்து" என்ற வரியை உங்கள் பதிவிலிருந்து எடுங்கள், மற்றதைப் பிறகு பேசலாம்.

கிழக்கேகோட்டை:
எடுக்க மாட்டேன்.