வாயுவுக்கு எடை உண்டா? வேதிவினை வகுப்பில் பார்த்தது

ஏழாம் வகுப்புக்கு வேதிவினை நடத்தும்போது வினிகரில் பேக்கிங் சோடாவைப் போட்டுக் காட்டாத ஆசிரியர் இருக்க முடியாது. நுரை பொங்கும், பிள்ளைகள் ஆரவாரம் செய்வார்கள், வகுப்பு முடிந்துவிடும். நான் அதைத் தராசின் மேல் வைத்துத்தான் செய்கிறேன். இந்த வயதில் வாயுவை ஒரு பொருளாகவே பிள்ளைகள் நினைப்பதில்லை. "நுரை வந்துச்சு, அப்புறம் போயிடுச்சு சார்" என்பதுதான் அவர்களுடைய விளக்கம். அந்த எண்ணம் மாறாமல் சமன்பாட்டைச் சமன் செய்யச் சொன்னால் மனப்பாடம்தான் செய்வார்கள்.

செய்முறை சுலபம். ஒரு லிட்டர் பிளாஸ்டிக் சோடா பாட்டிலில் 50 மில்லி வினிகர். 3 கிராம் பேக்கிங் சோடாவை மெல்லிய காகிதத்தில் சுற்றி உள்ளே போட்டு உடனே மூடியை இறுக்கிவிட வேண்டும். காகிதம் நனைந்து பிரிவதற்குள் மூடிவிட நேரம் கிடைக்கும். பாட்டில், மூடி, வினிகர், பொட்டலம் எல்லாவற்றையும் முன்பே சேர்த்து எடை பார்த்துப் பலகையில் எழுதிவிடுவேன். எடை கூடுமா, குறையுமா, அப்படியே இருக்குமா என்று ஒவ்வொருவரும் நோட்டில் எழுதியாக வேண்டும், காரணத்தோடு. பெரும்பாலோர் குறையும் என்று எழுதுவார்கள். வாயு மேலே போகும், அதனால் பாட்டிலையும் கொஞ்சம் தூக்கும் என்று ஒரு பையன் எழுதியிருந்தான், எனக்கு மிகவும் பிடித்த பதில் அது.

எண் அசையாது. பாட்டிலை அமுக்கிப் பார்த்தால் கல் மாதிரி இறுகியிருக்கும், ஆனால் எடை அதேதான். பிறகு மூடியை மெதுவாகத் திருகினால் உஸ்ஸென்று சத்தம் வரும். மூடியோடு சேர்த்துத் திரும்ப வைத்தால் சுமார் ஒரு கிராம் குறைந்திருக்கும். வகுப்பே தராசைச் சுற்றி நிற்கும். "அந்த ஒரு கிராம் இப்போ எங்கே இருக்கு?" என்று மட்டும் கேட்பேன். 3 கிராம் சோடாவிலிருந்து ஒன்றரை கிராமுக்குச் சற்று மேல் கார்பன் டை ஆக்சைடு வரும் என்று கணக்கு சொல்கிறது. ஒரு பங்கு பாட்டிலிலேயே தங்கும், கொஞ்சம் திரவத்தில் கரைந்திருக்கும். "அப்போ மீதி பாட்டிலுக்குள்ளதான் இருக்கணும்" என்று அவர்களே வந்து நிற்பார்கள்.

இரண்டு எச்சரிக்கை. கண்ணாடி பாட்டில் கூடவே கூடாது, அளவையும் கூட்டக் கூடாது, கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, இதையே ஜிப் பையில் செய்யாதீர்கள். பை உப்பும்போது அது விலக்கும் காற்று பையை மேலே தூக்கும்; ஒரு லிட்டர் உப்பினால் ஒரு கிராமுக்கு மேல் குறைவாகக் காட்டும். எதுவும் வெளியே போகாமலே எடை குறைந்த மாதிரி தெரியும், பிள்ளைகளின் தப்பான எண்ணம் இன்னும் உறுதியாகிவிடும்.

* * *

சார், நல்ல பதிவு. நான் இதற்கு அடுத்த வகுப்பில் இரும்பு நாரை எரித்துக் காட்டுவேன். எரிந்தால் எடை குறையும் என்று எல்லோரும் அடித்துச் சொல்வார்கள், காகிதமும் விறகும் அப்படித்தானே! நாரை நன்றாகப் பிரித்துவிட்டு, தீப்பிடிக்காத தட்டில் வைத்து, தராசைச் சூடு தாக்காதபடி கீழே தடுப்பு போட்டு எரித்தால் எடை கூடும். ஆக்சிஜன் வந்து சேர்ந்திருக்கிறது. ஒன்று கவனம்: பாத்திரம் தேய்க்கும் பளபளப்பான சுருள் பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகு, சரியாகப் பற்றாது. மெல்லிய சாதாரண இரும்பு நார்தான் வேண்டும். இதே புதிரைத்தான் 1770களில் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர் உலோகங்களை மூடிய கலனில் சூடாக்கித் தீர்த்தார் என்று சொன்னால், தாங்களும் அதே கேள்வியில் மாட்டியிருக்கிறோம் என்று பிள்ளைகளுக்கு ஒரு பெருமை.

* * *

மேடம், இரும்பு நார் பற்றிய குறிப்புக்கு மிக்க நன்றி. எனக்கு இன்றும் பெரிய போராட்டம் கொதிக்கும் நீரில்தான். 'வாயு வந்தால் வேதிவினை' என்று வேதிமாற்றத்தின் அடையாளப் பட்டியலை மனப்பாடம் செய்துவிட்டு, கொதிப்பதையும் வேதிமாற்றத்தில் எழுதுகிறார்கள். குமிழிக்குள் என்ன என்று கேட்டால் காற்று என்கிறார்கள், கொஞ்சம் விவரமானவர்கள் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் என்கிறார்கள். ஆவியின் மேல் குளிர்ந்த தட்டைச் சாய்த்துப் பிடித்து, சொட்டும் துளிகளை ஒரு கிண்ணத்தில் சேர்த்து, "இது என்ன?" என்று கேட்பேன். தண்ணீர்தான் என்று அவர்களே சொல்வார்கள். அப்படியானால் புதுப் பொருள் எதுவும் உண்டாகவில்லை. அதற்குப் பிறகுதான் அந்தப் பட்டியலை எடுத்து ஒவ்வொரு வரியாக விவாதிக்க விடுகிறேன், சில நாள் அந்த விவாதத்திலேயே பாடவேளை முழுவதும் போய்விடும், போகட்டும் என்று விட்டுவிடுவேன்.