புதுப்பிப்பு: அந்தக் கிண்ணத் திருட்டு

போன பதிவில், டோல்கீன் எழுதிய 'தி ஹாபிட்' நாவலில் நாயகன் பில்போ டிராகனின் புதையலிலிருந்து கிண்ணம் ஒன்றைத் திருடும் இடம் 'பேவுல்ஃப்' என்ற பழைய ஆங்கிலக் காவியத்துக்கு ஒளித்து வைத்த மரியாதை என்று அடித்துச் சொல்லியிருந்தேன். அங்கேயும் ஒருவன் கோப்பையைத் திருடுவான், டிராகன் விழித்து ஊரையே எரிக்கும். "தற்செயல்தானே?" என்று ஒருவர் கேட்டிருந்தார்.

தேடிப் பார்த்தேன். 1938-இல் ஒரு பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில் டோல்கீனே, 'பேவுல்ஃப்' தனக்கு மிக முக்கியமான மூலங்களில் ஒன்று என்கிறார். ஆனால் எழுதும்போது அது நினைவில் இல்லையாம், திருட்டு கதைப்போக்கில் தானாக வந்ததாம். ஆக, "ஒளித்து வைத்த" என்று நான் எழுதியது தப்பு. ஊறிப்போன வாசிப்பு கசிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அப்புறம், டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலில் வரும் நடக்கும் மரங்களையும், ஷேக்ஸ்பியரின் 'மேக்பெத்' நாடகத்துக்குச் செய்த மரியாதை என்று கணக்கில் சேர்த்திருந்தேன். அது மரியாதையே இல்லை, சண்டை! அந்த நாடகத்தில் காடு நகர்கிறது என்று ஆசைகாட்டிவிட்டு, வீரர்கள் கிளைகளைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். பள்ளி நாளிலேயே அதில் கடுப்பான டோல்கீன், தன் கதையில் மரங்களை நிஜமாகவே போருக்கு நடக்க விட்டார். எனக்கு இதுதான் கிண்ணத்தைவிடப் பிடித்திருக்கிறது.