பயனர் எழுதித் தரும் விதிகளை சேவரில் பாதுகாப்பாக ஓட்டுவது எப்படி?

கேள்வி (மட்டக்களப்பு):
கூட்டுறவுச் சங்கங்களின் கொள்வனவுப் பதிவுகள் விதிப்படி இருக்கா என்று பார்க்கிற கருவி. விதிகளைச் சங்கங்களே பைதனில் எழுதி ஏற்றும். பில்ட்இன்ஸை (பைதனோடு வரும் உள்ளமைந்த செயல்கள்) வெறுமையாக்கி, எழுத்தாக வரும் கோடை ஓட்டும் இவாலில் ஓட்டுறன். இது போதுமா?

பதில் (கல்முனை):
போதாது தம்பி. வெற்று அடைப்புக்குறி ஒன்றிலிருந்தே க்ளாஸ், பேஸ், சப்க்ளாஸஸ் என்று ஏறி, மெமரியில் உள்ள எந்த வகுப்பையும் பிடிக்கலாம். அங்கிருந்து ஓஎஸ் கட்டளைக்கு ஓரடிதான். வேலியைப் பைதனுக்கு வெளியே கட்டுங்க. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புது டொக்கர் கன்டெய்னர் (கோடைத் தனியாகப் பிரித்து ஓட்டும் பெட்டி): நெட்வொர்க் நன் (இணைப்பு இல்லை), ரீட் ஒன்லி (கோப்பில் எழுத ஏலாது), கேப் ட்ரொப் ஓல் (சிறப்பு உரிமைகள் எல்லாம் நீக்கம்), ரூட் அல்லாத யூசர், பிட்ஸ் லிமிட் 64 (ப்ரொசெஸ் எண்ணிக்கை வரம்பு), மெமரி 128 எம்பி. மெமரி ஸ்வாப்பையும் (மெமரியும் டிஸ்க்கில் உள்ள ஸ்வாப்பும் சேர்ந்த மொத்தம்) 128 என்றே கொடுங்க. விட்டால் ஸ்வாப்பில் இன்னொரு 128 எம்பி எடுக்கும். டொக்கரையே கட்டுப்படுத்தும் டொக்கர் சொக்கெட்டை உள்ளே மவுண்ட் பண்ணினால் இவ்வளவும் வீண்.

பதில் (அக்கரைப்பற்று):
நேர வரம்பையும் கவனியுங்க. டொக்கர் ரன்னுக்கு முன்னால் டைம்அவுட் 2 போட்டால் சிக்டேர்ம் (நிறுத்தச் சொல்லும் சிக்னல்) உள்ளே போகும். ஆனால் அங்கே பைதன்தான் பிஐடி 1 (கன்டெய்னரின் முதல் ப்ரொசெஸ்). சிக்னலைக் கையாளும் ஹேன்ட்லர் இல்லாவிட்டால் அந்த சிக்னலுக்குச் சாகாது, முடிவில்லா லூப் சுற்றிக்கொண்டே கிடக்கும். கன்டெய்னருக்குப் பெயர் வைத்து, நேரம் முடிந்ததும் டொக்கர் கில் (கட்டாயமாக நிறுத்தும் கட்டளை) கொடுங்க.

பதில் (ஏறாவூர்):
விதி எல்லாம் "50,000 ரூபாய்க்கு மேல் என்றால் மூன்று விலைமனு" மாதிரித்தான் என்றால் பைதனே வேண்டாம். சிஇஎல் (நிபந்தனைகளை மட்டும் எழுதும் சின்ன மொழி) போதும், அதில் முடிவில்லா லூப் எழுதவே ஏலாது. ரீகோவும் (விதிகள் எழுதும் இன்னொரு மொழி) நல்லது, ஆனால் அதில் வெளி நெட்வொர்க்குக்குக் கோரிக்கை அனுப்பும் எச்டிடிபி சென்ட் இயல்பாகவே திறந்திருக்கு. எந்தச் செயல்களுக்கு அனுமதி என்று சொல்லும் கேப்பபிலிட்டீஸ் கோப்பில் அதை நீக்கிப்போட்டு ஓட்டுங்க.

கேட்டவர்:
இவாலை இன்றைக்கே எடுக்கிறன். எங்கட விதிகள் ஒப்பீடு மட்டும்தான், சிஇஎல்லுக்கு மாற்றுறன்.