ஏற்றுமதிப் பணியில் ஜெர்மன் மொழி முதலிலா, வணிக விதிகள் முதலிலா?

கேள்வி:
திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக (வாங்குபவருடன் தொடர்புகொண்டு ஆர்டரை முடித்துக் கொடுப்பவராக) பணிபுரிகிறேன். எங்கள் வாடிக்கையாளர்களில் பலர் ஜெர்மானியர்கள் என்பதால், அம்மொழியைக் கற்பதா, வேறு திறன்களில் கவனம் செலுத்துவதா?

பதில் 1:
மடல்கள் ஆங்கிலத்தில்தானே நடக்கின்றன? முதலில், பன்னாட்டு வணிகச் சபை வெளியிடும் இன்கோடெர்ம்ஸ் 2020-இன் 11 விதிகளையும் படியுங்கள்; விற்பவர், வாங்குபவர் இருவரில் யாருக்கு எந்தச் செலவு, எந்தப் பொறுப்பு என்பதை வகுப்பவை அவை. அவற்றில் ஒன்றான சி.ஐ.எஃப். (விலை, காப்பீடு, கப்பல் கட்டணம்) முறையில் ஹாம்பர்க் வரையிலான கப்பல் கட்டணத்தையும் காப்பீட்டையும் நாம் செலுத்தினாலும், தூத்துக்குடியில் சரக்கு கப்பலில் ஏற்றப்பட்டதுமே இழப்பின் பொறுப்பு வாங்குபவருக்கு மாறிவிடுகிறது. இதை அறியாமலேயே விலை பேசுவோர் நம் ஊரில் ஏராளம்.

பதில் 2:
முந்தைய பதிலில் ஒரு திருத்தம்: கன்டெய்னர் சரக்கு, கப்பலில் ஏறுமுன்பே முனையத்தில் ஒப்படைக்கப்படுவதால், அதற்கு எஃப்.சி.ஏ. (வாங்குபவர் ஏற்பாடு செய்யும் போக்குவரத்து நிறுவனத்திடம் ஒப்படைப்பது) அல்லது சி.ஐ.பி. (போக்குவரத்துக் கட்டணத்தையும் காப்பீட்டையும் விற்பவர் செலுத்துவது) விதியே பொருத்தமானது.

பதில் 3:
மொழியை ஒதுக்க வேண்டாம். ஆனால் 2023 முதல் நடைமுறையில் உள்ள ஜெர்மனியின் விநியோகச் சங்கிலிச் சட்டம், பெரிய நிறுவனங்கள் தங்களுக்குப் பொருள் வழங்குவோரின் தொழிலாளர் நிலையையும் கவனிக்க வேண்டும் எனக் கூறுவதால், தணிக்கை வினாக்களுக்குச் சான்றுகளுடன் விடையளிக்கத் தெரிந்தவருக்கே இன்று மதிப்பு அதிகம் என்பது என் கருத்து. மேலும், சரக்கு அனுப்புவதில் தாமதம் நேருமெனத் தெரிந்தால், வாங்குபவருக்கு "பார்க்கலாம்" என்று எழுதாமல் புதிய தேதியையே குறிப்பிடுங்கள்.