தாத்தாவின் பென்ஷனை மறுத்தார்களா? அந்த வழக்குக் கட்டைத் தேடுங்கள்

ஊர்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுப் படைக்குப் போய் சொல்தாவாக (சிப்பாயாக) இருந்த தாத்தாவைப் பற்றி எங்கே விசாரிப்பது என்று இங்கே அடிக்கடி கேள்வி வருகிறது. பெரும்பாலோர் பிரான்சின் தென்மேற்கில் போ நகரத்தில் உள்ள படைவீரர் ஆவணக் காப்பகத்துக்கு எழுதிப் பணிக் கோப்பைக் கேட்கிறார்கள். கேட்கலாம், தப்பில்லை. எந்த ரெஜிமென்ட், சைகோனில் எவ்வளவு காலம், என்ன மெடல் என்பதெல்லாம் அதில் தெரியவரும். ஆனால் வீட்டில் யார் யார் இருந்தார்கள், திரும்பி வந்தவர் எப்படிப் பிழைத்தார் என்று தெரிய வேண்டுமானால் பென்ஷன் வழக்குக் கட்டுதான் வேண்டும். அதிலும் முதலில் மறுக்கப்பட்ட பென்ஷன் என்றால் நமக்கு யோகம். (அவருக்கு அல்ல, பாவம்.)

கேட்டவுடன் கிடைத்த பென்ஷனுக்குக் காகிதம் குறைவு. மறுத்துவிட்டால்தான் சாட்சி, சான்று என்று கட்டு பெருக்கிறது. அமெரிக்காவில் புரட்சிப் போர் வீரர்களின் விதவைகள், கல்யாணம் நடந்ததை நிரூபிக்க வீட்டு பைபிளில் குடும்ப விவரம் எழுதியிருந்த ஏட்டையே கிழித்து மனுவோடு அனுப்பியிருக்கிறார்கள். அந்த ஏடுகள் அங்கே தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன.

நம் பக்கம் ஊன பென்ஷனுக்கு அடிப்படை 1919 மார்ச் 31 பிரெஞ்சுச் சட்டம். காயம் என்றால் குறைந்தது 10 சதவீத ஊனம், நோய்க்குப் பின்னாளில் 30 சதவீதம் என்று ஆனது. நோய்க்கு டாக்டர் 25 என்று எழுதிவிட்டால் கையில் ஒன்றும் வராது. வழக்குகள் கிளம்புவதும் இந்த இடத்தில்தான். தெபார்த்மானுக்கு (பிரான்சின் மாவட்டம்) ஒரு பென்ஷன் நீதிமன்றம் இருந்தது. அதில் நீதிபதியோடு ஒரு டாக்டரும், பென்ஷன் வாங்கும் முன்னாள் வீரர் ஒருவரும் உட்காருவார்கள். மேல்முறையீட்டுக்கு மண்டல நீதிமன்றம். 2019 நவம்பரிலிருந்து இவை நிர்வாக நீதிமன்றங்களோடு சேர்ந்துவிட்டன. தாத்தா அப்போது பிரான்சில் குடியிருந்தவரானால் அந்த தெபார்த்மானின் காப்பகத்தில் கேளுங்கள். மருத்துவ விவரம் உள்ள தாள்கள் அவர் இறந்து 25 ஆண்டு கழித்தே எல்லோருக்கும் திறக்கும். இறந்த தேதி தெரியாவிட்டால் பிறந்து 120 ஆண்டு.

புதுச்சேரியின் பாகூர்ப் பக்கம் நாலு வயல் தாண்டினால் கடலூர் மாவட்டம். ஒரு பங்காளி பிரெஞ்சுப் படையிலும் இன்னொருவர் இந்திய ராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமென்டிலும் இருந்த வீடுகள் நம்மிடம் உண்டு. இரண்டாமவர் வீட்டார் எழுத வேண்டிய இடம் நீலகிரி வெலிங்டனில் உள்ள அந்த ரெஜிமென்டின் ரெக்கார்டு ஆபீஸ். மனைவி, பிள்ளைகள், பெற்றோர் பெயரெல்லாம் உள்ள 'கின்ட்ரெட் ரோல்' என்ற படிவத்தைக் கேளுங்கள். அவர் ஊன பென்ஷனுக்கு வழக்குப் போட்டவரானால் இன்னும் நல்லது. 2007 சட்டப்படி அமைந்த ஆயுதப் படைத் தீர்ப்பாயத்துக்குச் சென்னையில் கிளை இருக்கிறது, தீர்ப்புகளை இணையத்தில் படிக்கலாம். சேர்ந்த தேதி, வந்த நோய், மெடிக்கல் போர்டு போட்ட சதவீதம் எல்லாம் வரிசையாக வரும். சேரும்போது நோய் எதுவும் குறிக்கப்படவில்லை என்றால் ஆள் ஆரோக்கியமாகத்தான் சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும் என 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதனால் பிந்தைய வழக்குகளில் ஆளெடுப்பு நாள் உடல்நிலைகூடப் பேசப்படுகிறது.

ஒன்று மட்டும் கவனம். மனு என்பது ஜெயிப்பதற்காக எழுதியது. வறுமையும் வியாதியும் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். வயதை நான் அப்படியே நம்பமாட்டேன், எத்தா சிவிலோடு (பிறப்பு, கல்யாணம், இறப்புப் பதிவேடு) ஒத்துப் பார்ப்பேன். பிரெஞ்சு இந்தியாவின் பழைய பதிவேடுகளை பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் நகரத்துக் காப்பகம் இணையத்தில் போட்டிருக்கிறது. நம் பெயர்களைக் குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதியிருப்பதால் ஒரே எழுத்துக்கூட்டலில் தேடி நிறுத்திவிடாதீர்கள். அப்புறம், எதிர்த்தரப்பு டாக்டர் எழுதியதையும் விடாமல் படியுங்கள். சில சமயம் உண்மை அங்கேதான் இருக்கும்.

எழுதுவதற்கு முன்னால் வீட்டு அலமாரியில் லிவ்ரே (படைப் பணிக் கையேடு), பழைய பென்ஷன் தாள், மத்ரிக்யுல் நம்பர் (படைப் பதிவு எண்) ஏதாவது இருக்கிறதா பாருங்கள். நம்பர் இல்லாமல் எழுதினால் பதில் இழுத்தடிக்கும். பிரெஞ்சில் கடிதம் எழுதத் தயங்குபவர்கள் எனக்குத் தனி மடல் போடுங்கள், நான் எழுதித் தருகிறேன். யாருடைய நோய் விவரத்தையும் அவர் வீட்டாரைக் கேட்காமல் இங்கே பொதுவில் போட வேண்டாம்.