சிவிலைசேஷன் 5: எட்டு சிட்டி இருந்தும் சயின்ஸ் ஏறவே இல்லை, எதை முதலில் சரிசெய்ய?

தேர்ப்படை:
சிவிலைசேஷன் 5 கம்ப்யூட்டர் கேம், பிரேவ் நியூ வேர்ல்டு எக்ஸ்பான்ஷன், ஸ்டாண்டர்டு மேப், கடினத்தில் எம்பரர் லெவல். இப்போது டர்ன் 140. எட்டு சிட்டி. தலைநகரில் மக்கள்தொகை 14, மற்றதெல்லாம் 3 முதல் 6 வரை. கடைசியாக வைத்த இரண்டு சிட்டியிலும் லைப்ரரி கிடையாது, அதனால் நேஷனல் காலேஜ் (எல்லா சிட்டியிலும் லைப்ரரி இருந்தால்தான் கிடைக்கும் கட்டடம்) கட்ட விடமாட்டேன் என்கிறது. யுனிவர்சிட்டி தலைநகரில் மட்டும். மொத்தம் டர்னுக்கு 70 பீக்கர் (சயின்ஸ் புள்ளி) வருகிறது. ஹேப்பினெஸ் -4, கோல்டு டர்னுக்கு -6, கஜானா காலி. பக்கத்து நாட்டுக்காரன் அடுத்த காலகட்டமான ரினைசான்ஸுக்கே போய்விட்டான். சிட்டி ஒன்று கூடினால் டெக் (தொழில்நுட்பம்) விலை 5% ஏறுவதுதான் காரணமா?

மலைமுகடு:
அதுவேதான். டிரெடிஷன் பாலிசி (குறைந்த சிட்டிக்கு ஏற்றது) எடுத்து நாலு சிட்டியோடு நின்றிருக்க வேண்டும். எட்டு சிட்டி என்றால் ஒவ்வொரு டெக்கும் 35% கூடுதல் விலை.

ஆறுகோணம்:
35% சரி, ஆனால் பழி அங்கே இல்லை. எட்டாவது சிட்டி வந்தபோது 100 ஆக இருந்த டெக்கின் விலை 130-லிருந்து 135 ஆனது, அதாவது 3.8% ஏற்றம். மற்ற ஏழும் சேர்ந்து 67 பீக்கர் தந்தால் எட்டாவது 2.6 தந்தாலே அந்த ஏற்றம் ஈடாகிவிடும். மூன்று பேர் இருக்கும் சிட்டியே 3 தருகிறது. லைப்ரரி வந்தால் இன்னும் கூடும், இரண்டு பேருக்கு ஒரு பீக்கர் வீதம்.

உங்களுக்கு ஓட்டை மூன்று இடத்தில் இருக்கிறது. கஜானா பூஜ்யமாக இருந்து வரவும் மைனஸ் என்றால், பற்றாக்குறையைக் கேம் சயின்ஸிலிருந்து பிடித்துக்கொள்ளும். டர்னுக்கு 6 பீக்கர் சும்மா போகிறது. ஹேப்பினெஸ் மைனஸ் என்பதால் எல்லா சிட்டியிலும் மிச்ச உணவில் கால் பங்குதான் வளர்ச்சிக்குச் சேரும். ஆள் வளராமல் பீக்கர் எங்கிருந்து வரும்? மூன்றாவது நேஷனல் காலேஜ். பெரிய இழப்பு இதுதான்.

தலைநகர் கணக்கு மட்டும் (பேலஸ் தரும் 3-ஐ விட்டுவிட்டு): இன்று 14 + லைப்ரரி 7 = 21, யுனிவர்சிட்டியின் 33% சேர்த்து 28. காலேஜ் (+3, +50%) வந்து, யுனிவர்சிட்டியின் இரண்டு சயின்டிஸ்ட் இடத்திலும் ஆள் உட்கார்ந்தால் (+6) 30 × 1.83 = 55. கிட்டத்தட்ட இரட்டிப்பு.

முதலில் டபுளாக இருக்கும் லக்ஷரியை (ஹேப்பினெஸ் தரும் அரிய பொருள்) மற்ற நாட்டுக்கு விற்று டர்னுக்கு இவ்வளவு என்று கோல்டு வாங்குங்கள். உங்களிடம் இல்லாத லக்ஷரி மற்ற நாட்டிடம் இருந்தால் மாற்றிக்கொள்வது இன்னும் நல்லது, ஒவ்வொன்றுக்கும் +4 ஹேப்பினெஸ். அந்த ஒன்றே -4-ஐ அடைத்துவிடும். யாரும் நடக்காத ரோடுகளைப் பிடுங்குங்கள், டைலுக்கு (மேப்பின் ஒரு கட்டம்) ஒரு கோல்டு தின்கிறது. பிறகு வரும் பணத்தில் உற்பத்தி குறைந்த சிட்டியில் லைப்ரரியை வாங்கி, இன்னொன்றில் காட்டை வெட்டிக் கட்டி முடியுங்கள். லைப்ரரி 75 சுத்தியல் (உற்பத்திப் புள்ளி), டர்னுக்கு 5 வரும் சிட்டியில் 15 டர்ன் ஆகும், அத்தனை காத்திருக்கக் கூடாது. காலேஜ் முடியும்வரை செட்லர் (புது சிட்டி வைக்கும் யூனிட்) வேண்டவே வேண்டாம். புது சிட்டி ஒன்று வைத்தால் கேம் மறுபடி லைப்ரரி கேட்கும். போரில் பிடிக்கும் சிட்டியைப் பப்பட்டாக (நேரடியாக நிர்வகிக்காமல்) விடுங்கள், அதில் லைப்ரரி இல்லாவிட்டாலும் தடை இல்லை.

தேர்ப்படை:
சயின்டிஸ்ட் இடம் இரண்டும் காலியாகத்தான் இருக்கிறது, கவனிக்கவில்லை. இப்போதே ஆள் வைத்தால் உணவு குறையாதா? இன்னொன்று, கிரேட் சயின்டிஸ்ட் ஒருவர் கையில் இருக்கிறார். அவரை வைத்து அகாடமி (ஒரு டைலில் நிலையாகச் சயின்ஸ் தரும் அமைப்பு) கட்டுவதா, அல்லது ஒரேயடியாகச் செலவழிப்பதா?

நூலகர்:
சிட்டித் திரையில் 'மேனுவல் ஸ்பெஷலிஸ்ட் கன்ட்ரோல்' டிக் செய்து நீங்களே வையுங்கள், கம்ப்யூட்டரிடம் விட்டால் இஷ்டத்துக்கு மாற்றும். ஒவ்வொருவரும் 2 உணவு தின்பார், வேலை பார்த்த டைலின் விளைச்சலும் போகும். அதை ஈடுகட்ட வேறு சிட்டியிலிருந்து தலைநகருக்கு உணவு கேரவன் (வணிக வண்டி) அனுப்புங்கள். அனுப்பும் சிட்டியில் கிரானரி (தானியக் கிடங்கு) இருக்க வேண்டும். கடல்வழி கார்கோ ஷிப் என்றால் இரண்டு மடங்கு உணவு. மார்க்கெட், வொர்க்‌ஷாப் இடங்களில் ஆள் வைக்காதீர்கள். கிரேட் மெர்ச்சன்ட், எஞ்சினியர், சயின்டிஸ்ட் மூவரும் பிறக்கத் தேவையான புள்ளி இலக்கின் கவுன்டர் பொது. ஒரு மெர்ச்சன்ட் பிறந்தால் அடுத்த சயின்டிஸ்டுக்கான இலக்கும் ஏறிவிடும்.

கையில் இருப்பவரை அகாடமி ஆக்குங்கள், தலைநகருக்குப் பக்கத்திலேயே. செலவழித்தால் கிடைப்பது கடந்த 8 டர்ன் சயின்ஸ், அதாவது 70 × 8 = 560. அகாடமி டர்னுக்கு 8. அந்த டைலில் ஆள் இருந்தால் காலேஜ், யுனிவர்சிட்டி சதவீதத்தோடு 14.6. சுமார் 38 டர்னில் 560-ஐத் தாண்டும். சயின்டிஃபிக் தியரியில் +2, அட்டாமிக் தியரியில் இன்னொரு +2. பின்னால் பிறப்பவர்களைத்தான் பத்திரமாகத் தூங்க வைக்க வேண்டும். ரிசர்ச் லேப்கள் (பிற்காலச் சயின்ஸ் கட்டடம்) எல்லாம் எழும்பி 8 டர்ன் ஓடியபின் செலவழித்தால் ஒவ்வொருவரும் பெரிய தொகை தருவார்.

மலைமுகடு:
தலைநகர் மலையை ஒட்டி இருக்கிறதா?

தேர்ப்படை:
ஆமாம், வடக்கே ஒட்டினாற்போல் ஒரு மலை.

மலைமுகடு:
அப்படியானால் காம்பஸ் முடித்துவிட்டு அடுத்து அஸ்ட்ரானமி. அதில் வரும் அப்சர்வேட்டரி, மலையை ஒட்டிய சிட்டியில் கட்டலாம், இன்னொரு +50%. ஆறுகோணம் போட்ட கணக்கில் 1.83 என்பது 2.33 ஆகும், தலைநகர் ஒன்றே 70 தரும். அஸ்ட்ரானமி ரினைசான்ஸ் டெக் என்பதால் சயின்ஸ் கூட்டும் ராஷனலிசம் பாலிசியும் திறக்கும். ஆனால் அதன் +10% ஹேப்பினெஸ் மைனஸில் இல்லாதபோது மட்டும்தான். லக்ஷரி வேலையை முடிக்காமல் பாலிசியைத் தொடாதீர்கள்.

ஆறுகோணம்:
அஸ்ட்ரானமி ஓடும்போதே மற்ற சிட்டிகளில் யுனிவர்சிட்டி தொடங்கலாம், ஆனால் 6 பேருக்குக் கீழே உள்ளதில் வேண்டாம். பராமரிப்பு 2 கோல்டு, 4 பேரின் 6 பீக்கருக்கு 33% என்றால் வருவது 2 பீக்கர்தான். காட்டுக்குள் இருக்கும் சிட்டி மட்டும் விதிவிலக்கு: யுனிவர்சிட்டி வந்தால் ஆள் வேலை பார்க்கும் ஒவ்வொரு ஜங்கிள் டைலும் +2 சயின்ஸ். அங்கே ஜங்கிளை வெட்டாமல் டிரேடிங் போஸ்ட் போடுங்கள்.